தொட்டிலில் கேலரிச் சத்தம்

விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, எங்கள் வீட்டுக்குள்ளிருந்து பன்னிரண்டாயிரம் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். முதலில் கண்மாய்க்கு அப்பால் மழை இறங்குகிற மாதிரி ஓர் இரைச்சல், அது நெருங்கி நெருங்கிக் கூரையைப் பிடித்துக்கொண்டு, விசிலும் தகர டின் தட்டலும் "விடாத, விடாத" என்ற கூப்பாடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடைசியில் எது எவருடைய குரல் என்று பிரிக்க முடியாத ஒரே பெருஞ்சத்தமாக எழுந்து நின்றபோது, பாயில் கிடந்த என் கணவர் ஞானதுரை கண்ணைக்கூடத் திறக்காமல் "பெனால்டி கார்னர்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வெறுங்காலோடு தெருவில் இறங்கி ஓடினார்.

அவர் மட்டுமல்ல, தெருவே ஓடியது, தெருவைப் பார்த்து அடுத்த தெருவும் ஓடியது, ஏனென்றால் நல்லகரிசல் நகரத்தில் அந்தச் சத்தத்தை அறியாதவர்கள் கிடையாது, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹாக்கி ஸ்டேடியத்திலிருந்து ஆறு வருடம் அது வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுபோனது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டேடியத்தின் கேட் பூட்டிக் கிடந்தது, உள்ளே நீலநிற டர்ஃப் இருட்டில் காய்ந்து கிடந்தது, கோல் கம்பத்துக்குள் ஒரு நாய் படுத்திருந்தது. சத்தம் முன்னால் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள், தண்டவாளத்தைத் தாண்டினார்கள், தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டினார்கள், எங்கள் தெருவுக்குள் திரும்பினார்கள், எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அங்கே சேலைத் தொட்டிலில் என் மகள் இவாஞ்சலின், மூன்று மாதக் குழந்தை, அதுவரை சிணுங்கியதைத் தவிர வாய்விட்டு அழாதவள், முகமெல்லாம் சிவந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். அந்த வாயிலிருந்துதான் அது வந்துகொண்டிருந்தது.

நான் அவளைத் தூக்கி மாரில் போட்டேன். ஆண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பந்து கோல் பலகையில் படாமல் வெளியே போனால் கேலரி முழுக்க ஒரு "ச்சே" எழும்பி அடங்குமே, அப்படி அடங்கியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எந்த மேட்ச் என்றுதான் கேட்டார்கள். வாசலில் நின்ற ஒருவர் அரையிறுதி என்றார், இன்னொருவர் அரையிறுதிக்கு டின் எங்கே தட்டினோம், அன்றைக்குத்தான் போலீஸ் டின்னைப் பிடுங்கிவிட்டதே என்றார், அந்த விவாதம் விடியும்வரை எங்கள் வாசலிலேயே நடந்தது.

கான்வென்டில் எங்களுக்குச் சத்தம் போடாமல் இருக்கத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். நடையில் செருப்பு கேட்கக் கூடாது, டிபன் டப்பா மூடி கேட்கக் கூடாது, அழுதாலும் கைக்குட்டைக்குள் அழ வேண்டும். அப்படி வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு பிள்ளை. எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிற வீட்டில் ஒருத்தி மட்டும் பயப்படுவது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்தேன்.

கரிசல் ராஜாளிகள் எங்கள் ஊரைவிட்டுப் போன கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கம்பெனி வாங்கி நடத்திய அணி அது, சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்டக்காரர்கள், பாதிப் பேர் வெளிமாநிலம், இரண்டு பேர் வெளிநாடு, ஆனாலும் எங்கள் ஊர்க் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே பயிற்சிக்குப் போவார்கள். அந்த நீல டர்ஃப் ஆட்டத்துக்கு முன்னால் நனைந்திருக்க வேண்டும், நனையாவிட்டால் பந்து நிற்கும், முட்டி தோலுரியும். பம்பை இயக்கித் தண்ணீர் பீய்ச்சுவது என் கணவர் வேலை. மழை பொய்த்த வருடம் குழாயில் காற்று வந்தது, லாரித் தண்ணீர் மட்டும் டர்ஃப்புக்குத் தவறாமல் போனது, பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் அதற்குப் பிறகு மேட்சுக்குப் போகக் கூசினார்கள். கேலரி காலியாகக் கிடந்தது. சத்தமில்லாத ஊரில் அணி ஆடாது என்று கம்பெனிக்காரர்கள் டிவியில் சொன்னார்கள். ஒருநாள் காலையில் பஸ் வந்தது, ஆட்டக்காரர்கள் ஸ்டிக் பைகளோடு ஏறினார்கள், வடக்கே ஏதோ கடற்கரை நகரத்துக்குப் போய்விட்டார்கள். மறுவாரமே மழை கொட்டியது.

அன்றிலிருந்து ஊருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஆனால் ஆண்கள் ஸ்டேடியத்துப் பக்கமாக நடப்பார்கள், பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பெண்கள் குடத்தை நிரப்பிவிட்டு, இந்தத் தண்ணீருக்கா அத்தனை பெரிய சண்டை என்று குடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் கணவர் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் ஏற்றுகிற வேலைக்குப் போனார். பம்பு அறைச் சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அதனால் சத்தம் திரும்பி வந்தது என்றால் அணியும் திரும்பி வரும் என்று ஊர் நம்பியதில் தப்பே சொல்ல முடியாது. சத்தம் எங்கிருந்து வந்தால் என்ன. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட்டுக்காரன் வராவிட்டால் பக்கத்து ஊர் மைக் செட்டை வைத்துக் கொடை நடத்துகிறவர்கள்தானே நாங்கள்.

மறுநாளிலிருந்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் ஷிப்டு முடிந்து வந்தார்கள், பஸ்ஸிலிருந்து நேராக வந்தார்கள், கண்டக்டர்கள் எங்கள் தெரு முக்கை "கேலரி ஸ்டாப்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கவுன்சிலர் தெருவுக்கு ஒரு டியூப்லைட் போட்டுத் தந்தார். சர்ச்சில் சாமியார் பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கும்போது, குழந்தையைக் கேட்கப் போகிறவர்கள் செருப்பை வரிசையாக விடும்படி கேட்டுக்கொண்டார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சத்தத்துக்குள் தங்களைத் தேடினார்கள். "அந்தா, 'கீப்பர முன்னால வரச்சொல்லு'ன்னு ஒரு குரல் கேக்குதுல்லா, அது நான்தான்" என்று ஒருவர் பூரித்துப்போவார். ஒரு வாத்தியார் தாம் அப்படிப்பட்ட கெட்ட வார்த்தையைச் சொல்லியே இருக்க முடியாது என்று சாதித்தார், அவர் மனைவி அது அவர் குரல்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

எதிர்வீட்டுச் செண்பகவல்லி அக்காவுக்கு மட்டும் அதில் வேறொன்று கிடைத்தது. அவள் புருஷன், ராஜாளிகள் ஆடிய காலத்திலேயே இறந்துபோனவர், இரண்டு விரலை மடித்து நாக்குக்கடியில் வைத்து ஒரு விசிலடிப்பார், போய்க்கொண்டே இருக்கும், முடிகிற இடத்தில் ஒரு சிரிப்பு போல உடையும். இவா அழும்போது கூட்டத்துக்குக் கடைசியில், மேல் கேலரிப் பக்கமிருந்து, அந்த விசில் வந்தது. முதல் தடவை கேட்டபோது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். அதற்குப் பிறகு அந்த ஸ்டூல் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

எனக்கு மட்டும்தான் அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாய்க்குப் பிள்ளையின் அழுகை தெரியும் என்பார்கள், பசிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, வயிற்று வலிக்கு ஒன்று என்று. என் மகள் எதற்கு அழுதாலும் மேட்ச். பசித்தாலும் கோல் விழுந்தது, எறும்பு கடித்தாலும் கோல் விழுந்தது. நெற்றிச் சுருக்கத்தையும் கால் விரலையும் பார்த்துப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தேன். தடுப்பூசி போடப் போனால் சுகாதார நிலைய வாசலில் மற்ற பிள்ளைகள் அழுவதைக் கேட்டுக்கொண்டே நிற்பேன், எப்படி மெல்லிசாக, எப்படித் தெளிவாக அழுகின்றன என்று பொறாமையாக இருக்கும். என் பிள்ளைக்கு ஊசி போட்டபோது நர்ஸ் கைதட்டினாள்.

ரசிகர் மன்றத் தலைவர் பட்டுராஜ் அண்ணாச்சி இரும்புக் கடை வைத்திருக்கிறவர், ராஜாளிகள் போன நாளிலிருந்து தாடி எடுக்காதவர். சத்தத்தைப் போனில் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் போதும் என்பது அவர் திட்டம். தொட்டிலைச் சுற்றி ஒரே சமயத்தில் ஏழெட்டுப் போன் நீண்டது, பிறகு திருவிழா மைக் செட்டுக்காரர் வந்தார், பிறகு திருநெல்வேலியிலிருந்து ஒருவர் பஞ்சு சுற்றிய மைக்கோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் வாசலுக்குப் போய்ப் போட்டுக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழித்தார்கள். "போன்ல ஏறல தாயி" என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள். ஏறவில்லை என்றுதான் சொன்னார்களே தவிர, என்ன ஏறியது என்று யாரும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி ஒரு விஷயம் அது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

பிறகு செய்தி வந்தது. அந்தக் கடற்கரை நகரத்தில் அணிக்கு ஒட்டவில்லையாம், வரும் வருடத்துக்கு ஊர் தேடுகிறார்களாம், கம்பெனி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஸ்டேடியத்தைப் பார்க்க வருகிறார்களாம். அண்ணாச்சி தாடியை எடுத்தார். குழந்தையை டர்ஃப்பின் நடுவட்டத்தில் பந்தல் போட்டுக் கிடத்துவது, கம்பெனி ஆட்கள் காரைவிட்டு இறங்கும்போது சத்தம் எழும்புவது என்று முடிவானது. எழும்ப வேண்டுமென்றால் குழந்தை பசியோடு இருக்க வேண்டும். அதனால் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் பால் வேண்டாம் என்று அண்ணாச்சி என்னிடம் மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டார், அவர் மனைவி எனக்கு ஒரு பட்டுச் சேலை கொண்டுவந்தாள். என் கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பம்பு அறைச் சாவியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது, அந்த வாரம் முழுக்கச் சிரித்தார். நான் சரி என்றேன்.

அந்த வாரம்தான் இவாவின் சத்தமும் வளர்ந்தது. முன்பெல்லாம் பால் கொடுத்தால் அடங்கும், இப்போது கொடுத்தாலும் அடங்கவில்லை, உறிஞ்ச ஆரம்பித்து உடனே தலையை உதறி மறுபடி எழுப்பினாள். ஊர் மெய்மறந்துபோனது. இது ஃபைனல், ஃபைனலேதான், அந்த வருடம் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டோமே அந்தச் சத்தம் என்றார்கள். தெருவில் வெடி போட்டார்கள். "பாப்பா நல்ல ஃபார்ம்ல இருக்கு" என்று அண்ணாச்சி எல்லோரிடமும் சொன்னார். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து நிற்கவே இல்லை. தெரு நிறைந்து, முக்கு நிறைந்து, பாலம்வரை ஆட்கள் நின்று ஆடினார்கள், என் கணவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், செண்பகவல்லி அக்கா ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டு, விசில் வரும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் அம்மாவைக் கூப்பிடலாம் என்று நான் அடுப்படியில் கிடந்த என் கணவரின் போனை எடுத்தேன். அவர் எதையும் அழிக்கத் தெரியாத மனுஷன். அன்று சாயங்காலம் இவாவின் சத்தத்தைப் பிடித்தது அப்படியே மேலேயே இருந்தது. விரல் பட்டுவிட்டது.

ஒரு குழந்தை அழுதது.

மெல்லிசான குரல், கொஞ்சம் மூக்கால் வருகிற குரல், இடையிடையே மூச்சு முட்டி விக்கல் போல அறுந்து மறுபடி தொடங்குகிற குரல். நான் யார் பிள்ளை என்று நினைத்தேன். பிறகு பின்னணியில் அண்ணாச்சி இருமுவதும் எங்கள் வீட்டு ஃபேன் கிறீச்சிடுவதும் கேட்டது. பெற்று இத்தனை மாதம் கழித்து என் மகளின் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, அது பசி இல்லை, அது தூக்கமில்லை. எந்தத் தாயும் அதை இரண்டு தடவை கேட்க வேண்டியதில்லை.

தொட்டிலுக்கு ஓடி அவளை எடுத்தேன். வலது காதுக்குப் பக்கத்தில் கை வைத்ததும் உடம்பே வில்லாக வளைந்தது, அவள் வாய்க்குள் பன்னிரண்டாயிரம் பேர் எழுந்து நின்றார்கள், தெரு அதற்குப் பதிலுக்குக் கத்தியது. நான் செண்பகவல்லி அக்காவின் காதில் போனை வைத்து அழுத்தினேன். அவள் முதலில் தள்ளினாள், விசில் வந்துகொண்டிருந்ததல்லவா. பிறகு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"இம்புட்டுச் சத்தத்துக்கும் அடியில இந்தப் பிள்ளயா கெடந்துச்சு" என்றாள். எழுந்தாள். "புறவாசல் வழியாப் போயிரு. நான் முன்னால நிக்கேன்."

என் கணவரைத் தோள்களிலிருந்து இறக்கிப் பைக்கை எடுக்கவைத்தது அவள்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம், கூட்டம் தீர்ந்த இடத்தில், நான் நிறுத்தச் சொல்லி அவர் காதிலும் போனை வைத்தேன். அவர் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு முழுவதும் கேட்டார். மறுபடியும் ஒரு தடவை தானே போட்டுக் கேட்டார். வண்டியை எடுத்தார்.

குழந்தை டாக்டர்கூட முதலில் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டரையும் மனைவியையும் கூப்பிட்டு நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தாமும் மேற்கு கேலரி என்றார். நான் போனை மேஜைமேல் வைத்துப் போட்டேன். அவர் கண்ணைத் திறந்தார். விளக்கை எடுத்துக் காதுக்குள் பார்த்தார். உள்ளே சீழ் கட்டி வீங்கியிருந்தது. எத்தனை நாளாக வலி என்று கேட்டார். ஊர் வெடி போட்ட நாளிலிருந்து என்று சொன்னேன்.

மருந்து கொடுத்தார், விடியும்போது காதில் சீழ் உடைந்து வழிந்தது, பிள்ளை தூங்கினாள். வாரக்கணக்கில் கேட்காத ஓர் அமைதி வீட்டில் இருந்தது. ஆனாலும் எனக்கு நிலைகொள்ளவில்லை, தொட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன், ஏனென்றால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. செண்பகவல்லி அக்கா காலையில் வந்து பிள்ளையைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் கணவர் சாப்பிடாமலேயே ஸ்டேடியத்துக்குப் போனார். போவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்கவில்லை.

நாலு மணிக்கு மேல் குழந்தையை எடுத்துப்போக ஊர்க்காரர்கள் வந்தார்கள். பூமாலை சுற்றிய ஜீப், பின்னால் பாண்டு, பின்னால் பார்க்கிற தூரமெல்லாம் நீலத் துண்டு. பட்டுராஜ் அண்ணாச்சி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், என் கணவர் அவருக்குப் பக்கத்தில் நின்றார், முழங்கால்வரை நனைந்திருந்தார். டர்ஃப்புக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார் என்று தெரிந்தது. கம்பெனி ஆட்களின் கார் பைபாஸைத் தாண்டிவிட்டதாம். குழந்தைக்குக் காதுவலி என்று இரவே கேள்விப்பட்டதாகவும், தாம் மிகவும் வருந்தியதாகவும், ஆண்டவர் கிருபையால் உடைந்து சரியாகிவிட்டதென்றும், இனி வலி இல்லை, வெறும் பசிதான் என்றும் அண்ணாச்சி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"அரை மணி நேரந்தான் தாயி. பால் கொஞ்சம் பிந்துனா பிள்ளைக்கு என்ன ஆயிரப்போகுது? எங்க வீட்டுல நாலும் அழுதுதான் வளந்துச்சு. ஒரு ஊருக்காக ஒரு அரை மணி நேரம் அழட்டும்."

அரை மணி நேரம் பெரிய காலமில்லை. எத்தனை வீட்டில் அடுப்பு வேலையில் பிள்ளை அதைவிட அதிகமாக அழுகிறது. வாசலில் நின்ற முகங்களில் பாதி எனக்குத் தெரிந்த முகங்கள், ராஜாளிகள் வந்தால் கடை திறப்பார்கள், ஆட்டோ ஓட்டுவார்கள், சாயங்காலம் போவதற்கு ஓர் இடம் இருக்கும். என் வீட்டுக்காரர் பண்டல் ஏற்றி முதுகு பிடித்துக் குனிந்து படுக்க வேண்டியிருக்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன், இனி அந்தச் சத்தத்துக்கு அடியில் இருப்பதை என்னால் கேட்காமல் இருக்க முடியாது. "அவ அழுறது உங்களுக்குக் கேக்காது அண்ணாச்சி" என்றேன். "அதனாலதான் தர மாட்டேன்."

அப்போது உள்ளே இவா விழித்துக்கொண்டாள். பசித்த நேரம்தான் அது. தொட்டிலில் முதலில் கண்மாய்க்கு அப்பால் மழை இறங்கியது. பாண்டு தானாக நின்றது. தெரு முழுக்க ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது, நீலத் துண்டுகள் மேலே எழும்பின, அண்ணாச்சி கையைக் கூப்பினார். நான் என் கணவரைத்தான் பார்த்தேன். அவர் முகம் அந்தச் சத்தத்தை நோக்கித் தானாக நிமிர்ந்தது, கண் விரிந்தது, வாய் திறந்தது, எல்லோரோடும் சேர்ந்து கத்தப்போகிற வாய். திறந்த வாயோடு அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் ஏறினார். உள்ளே வருகிறார் என்று விலகினேன். அவர் வரவில்லை. என்னை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு, வெளியே நின்றபடியே கதவை இழுத்துச் சாத்தினார்.

"தாழ்ப்பாளப் போட்டுக்கோ" என்றது அவர் குரல், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "நானே வந்து கேட்டாலும் திறக்காத."

உள்ளே கேலரி எழுந்து நின்றது, வெளியே ஊர் எழுந்து நின்றது, இரண்டுக்கும் நடுவில் கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. ரவிக்கைக் கொக்கியை ஒரு கையால் அவிழ்த்துக்கொண்டே, மறுகையால் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.